நகலும் பிரதியும்

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. பத்திரிகை வந்ததும் என் பத்தி வந்திருக்கும் பக்கத்தை வெளியே தெரியும்படி மடித்து, மனைவியின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், ஏதோ கைமறதியாக வைத்ததுபோல் வைப்பேன். அவளும் வேறு வேலையில்லாமல் எடுத்ததுபோல் எடுத்துப் படிப்பாள். சிரித்தால் இரண்டாவது தோசை வரும். சிரிக்காவிட்டாலும் உண்டு, நானே சுட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிறு அவள் சிரிக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, பத்திரிகையை மேசையில் விரித்து, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தாள்.

“ஏங்க, இது என்னா?”

“எது?”

“இந்த ‘நகல்’.”

“ஆங்கிலத்துல ‘காப்பி’ங்கிறதுக்குத் தமிழ்.”

“யாரைக் கேட்டு எழுதினீங்க?”

“இதுக்கு யாரைக் கேக்கணும்? இருபது வருஷமா மொழிபெயர்க்கிறேன்.”

அது உண்மை. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் தமிழ் ஊழியர்களுக்கென ஒட்டியிருக்கும் பாதுகாப்பு அறிவிப்புகளில் பாதி என் கைவண்ணம். ‘தலைக்கவசமின்றி உள்ளே நுழையாதீர்’ என்ற வரியை எத்தனை வகையாக எழுதலாமோ அத்தனை வகையாகவும் எழுதியிருக்கிறேன். நகைச்சுவைப் பத்தி எழுதுவது வாரம் ஒருமுறை. இரண்டில் எதைப் படித்து மக்கள் அதிகம் சிரிக்கிறார்கள் என்பதை நான் விசாரித்ததில்லை.

என் மனைவி இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பகலில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு உராய்வும் உந்தமும் நடத்திவிட்டு, ஏழு வருடங்களாகப் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகம் இரண்டு முறை காலநீட்டிப்புக் கொடுத்தது. மூன்றாவது கிடையாது என்று கடிதத்திலேயே சொல்லிவிட்டது. அடுத்த புதன்கிழமை அவளுக்கு வைவா. மூன்று பேர் எதிரே உட்கார்ந்து ஆய்வேட்டை வரிவரியாகத் துருவும் வாய்மொழித் தேர்வு. தேறினால் முனைவர். ‘திருப்பி எழுதி வா’ என்று சொல்லிவிட்டால் எழுத நாளில்லை. ஏழு வருடமும் போச்சு.

இந்த நேரத்தில்தான், மனைவிக்கு ஒரு கௌரவம் செய்வோமே என்று, அவளுடைய ஆய்வைப் பற்றி நான் பத்தி எழுதியிருந்தேன். தலைப்பு: ‘என் வீட்டில் ஒரு போட்டோஸ்டேட் கடை’.

அவளுடைய ஆய்வை அவள் எனக்குச் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். ஒரே ஓர் ஒளித்துகள் வருகிறது. அது நேராக நின்று அதிர்கிறதா, கொஞ்சம் சாய்ந்து அதிர்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் மற்றது முழுக்கப் படுத்தும் இருந்தால் பிரச்சினையில்லை. சாய்வு கொஞ்சம்தான் என்றால், எவ்வளவு நல்ல கருவியாலும் ஒரே பார்வையில் அடித்துச் சொல்ல முடியாது. சரி, இன்னொரு தடவை பார்ப்போமே என்றால், முதல் தடவை பார்த்தபோதே அது மாறிப்போயிருக்கும். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை, உலகமே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒரே மாதிரி தயாரான துகள்கள் பத்து கிடைத்தால்? ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்க்கலாம். முதல் துகள் சொன்னதை வைத்து, அடுத்த துகளைப் பார்க்கும் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம். அல்லது பத்தையும் சேர்த்து உட்கார வைத்து ஒரே கேள்வியாகக் கேட்கலாம். துகள்களில் கொஞ்சம் தூசு படிந்திருந்தால், சேர்த்துக் கேட்பதைவிட ஒவ்வொன்றாகக் கேட்பதில் எவ்வளவு இழக்கிறோம்? இதுதான் அவளுடைய இருநூற்றுச் சொச்சம் பக்கங்கள்.

அதில் எனக்குப் பிடிக்காத அத்தியாயம் ஒன்று உண்டு. அதில் வரும் கருவிக்கு மூன்று பதில்கள். ‘நேர்’ என்றால் சத்தியமாக நேர். ‘சாய்வு’ என்றால் சத்தியமாகச் சாய்வு. சந்தேகமிருந்தால் ‘தெரியாது’ என்று சொல்லிவிடும். தவறான பதில் அதன் வாயிலிருந்து வரவே வராது. துகள்கள் கூடக் கூட, ‘தெரியாது’ சொல்லும் தடவைகள் மட்டும் குறையும்.

“தெரியாதுங்கிறது ஒரு பதிலா?” என்று அப்போது கேட்டேன்.

“நல்ல பதில். உங்ககிட்டதான் அந்தப் பட்டனே இல்ல.”

இதை மறுக்க முடியாது. நான் யாரிடமும் தெரியாது என்று சொல்லிப் பழகியவனல்ல. லாயாங் லாயாங் என்ற உள்நாட்டு ஊருக்கு வழி கேட்ட ஒரு தம்பதியை நான் அனுப்பிவைத்த திசையில், யோசித்துப் பார்த்தால், கடல்தான் இருக்கிறது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தகவலில்லை.

நகலும் அப்படித்தான் வந்தது. அவளுடைய ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் ‘காப்பி’ என்று இருந்தது. பக்கத்து அறையில்தான் இருந்தாள், கேட்டிருக்கலாம். கேட்காமல், ‘என் மனைவி ஒரு குவாண்டம் நிலையைக் கையில் வாங்கிப் பல நகல்கள் எடுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பார்’ என்று எழுதிவிட்டேன்.

“குவாண்டம் நிலையை நகல் எடுக்க முடியாதுங்க,” என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அது என்னான்னு தெரியாம அதைப் பார்த்து இன்னொன்னு செய்யவே முடியாது. இந்தப் படிப்புல முதல் பாடமே அதான். முடியும்னு வைங்க, ஒன்னு கிடைச்சா ஆயிரம் நகல் எடுத்து நிச்சயமா சொல்லிடலாமே? அப்பறம் நான் எதுக்கு ஏழு வருஷம் உக்காந்தேன்?”

“அப்ப நீ காப்பின்னு எழுதியிருக்கிறது?”

“ஒரே மெஷின் ஒரே மாதிரி பத்துத் தடவை செஞ்சு தர்றது. ஒன்னைப் பார்த்து ஒன்னு எடுத்ததில்ல.”

நான் தோசையை மென்றேன். மெல்லுவதற்கு வசதியான நேரம் அது.

“விடும்மா. மூனு பேர்ல யாரு தமிழ்ப் பத்திரிகை படிக்கப் போறாங்க?”

“ஒருத்தர் படிப்பாரு.”

பாட்டன் காலத்தில் ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தவர் ஒருவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பேராசிரியர், தேர்வாளர்களில் ஒருவராம். ஞாயிறுதோறும் என் பத்தியைப் படிக்கிறாராம். அவரே ஒருமுறை இவளிடம் சொல்லியிருக்கிறார்.

“இத்தனை வருஷத்துல நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே!”

“சொன்னா தலைக்கு ஏறிடும்னுதான் சொல்லல.”

எனக்கு வாசகர்களே இல்லை என்று பல வருடங்களாகப் புலம்பியவன் நான். படித்த, விஷயம் தெரிந்த வாசகர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த அன்றே, அவர் அந்த வாரம் மட்டும் பத்திரிகை வாங்காமலிருக்க வேண்டுமென்று மாசாய் கோயிலில் வேண்டிக்கொண்டேன்.

கோயிலிலிருந்து வந்து பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், பொறுமைசாலி.

“ஒரு திருத்தம் போடணும். நகல்னு வந்தது தப்பு.”

“போட்டுடலாம்ணே. அடுத்த ஞாயிறு.”

“புதனுக்குள்ள வேணும்.”

“உங்க பக்கம் ஞாயிறு மட்டும்தானேண்ணே? ஏன், யாராச்சும் கேஸ் போட்டுட்டாங்களா?”

“பேராசிரியர் ஒருத்தர் படிச்சிடுவாரு.”

என்னைத் தேற்றும் நல்லெண்ணத்தில், “கவலைப்படாதீங்கண்ணே. அதெல்லாம் யாரு படிக்கப் போறாங்க?” என்றார்.

எங்கள் நட்பு இன்னும் தொடர்கிறது. அவர் தேற்றியது போதுமென்று நானும் போனை வைத்துவிட்டேன்.

திங்கள் மாலை ஷிப்ட் முடிந்து மச்சான் வந்தார், மனைவியின் தம்பி. பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய் ஆலையொன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மோட்டாரை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் வீட்டின் தட்பவெப்பம் அவருக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, என்னா சண்டை?”

“உங்க மாமாவைக் கேளு.”

சொன்னேன். என் பங்கைக் கொஞ்சம் சுருக்கியே சொன்னேன். மச்சான் சோபாவில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இதுல என்னா குழப்பம்? சாம்பிள்தானே?” என்றார்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“டேங்க்குல இருந்து அஞ்சு போத்தல் எடுப்போம் மாமா. அஞ்சும் ஒரே எண்ணெய். ஒரு போத்தலைப் பார்த்து இன்னொரு போத்தல் செஞ்சோமா? இல்லியே. அப்பறம் ஒன்ன டெஸ்ட் பண்ணா அந்த எண்ணெய் அதோட போச்சு. திருப்பி டேங்க்குல ஊத்தவா முடியும்? அதுக்குத்தான் அஞ்சு.”

ஏழு வருடங்களில் நான் பிடிக்காததை அவர் காலுறையைக் கழற்றுவதற்குள் பிடித்துவிட்டார். என் மனைவி அவருக்கு ரொட்டியும் மீன் குழம்பும் தட்டில் போட்டு வந்து வைத்த விதம், பட்டமளிப்பு விழா மாதிரியே இருந்தது. அவருக்கு இரண்டு துண்டு மீன். எனக்கு வால்.

“ஆனா முழுசா சரியில்லடா,” என்றாள் அவரிடம், பிரியமாக. “உன் எண்ணெய்ல ஒரே போத்தலை ரெண்டாப் பிரிச்சும் பார்க்கலாம். என்னுது பிரிக்க முடியாது.”

“அலமாக், அப்ப உன் எண்ணெய் ரொம்ப கஞ்சம்லா அக்கா.”

அவள் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. என் பத்திக்கு வரவேண்டிய சிரிப்பு என்று சொல்ல வாயெடுத்து, வாலைத் தின்றேன்.

செவ்வாய் மாலை என்னை எதிரே உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். பேராசிரியர் அந்தப் பத்தியைப் படித்திருப்பார் என்றே வைத்துக்கொள்வோம், அவர் எப்படியெல்லாம் கேட்பாரோ அப்படியெல்லாம் கேளுங்கள் என்றாள். நானும் கேட்டேன். “நீங்கள் நகல் எடுப்பதாக உங்கள் கணவரே எழுதியிருக்கிறாரே?” “நகல் எடுக்க முடிந்தால் உங்கள் ஆய்வு எதற்கு?” “முடியாதென்றால் உங்கள் பத்துத் துகள்கள் எங்கிருந்து வந்தன?” முதல் தடவை கோபத்தில் பதில் சொன்னாள். இரண்டாவது தடவை சுற்றிவளைத்தாள். ஆறாவது ஏழாவது தடவையில் பதில் நாலே வாக்கியத்துக்கு வந்துவிட்டது, ஒன்றைக்கூட எடுக்க இடமில்லாமல். எட்டாவது தடவை நான் கேட்டதற்கு, “போதும், உங்களுக்கே புரிஞ்சிருச்சு” என்று எழுந்து போனாள். உண்மையில் எனக்குப் புரிந்திருந்தது. அது இருவருக்குமே ஆச்சரியம்.

புதன்கிழமை காலை. பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகளும் மோட்டார்களும் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் மறுபக்கம், எங்கள் காரில். பல்கலைக்கழகத்தில் அவள் உள்ளே போனபிறகு, கட்டடத்தின் கீழ்த்தள நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் சக்கரம் வைத்த சின்னப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு சீனர் வேகமாக வந்தார். வியர்த்திருந்தது. கருத்தரங்கு அறை எந்தப் பக்கம் என்று மலாயில் கேட்டார்.

என் கை தானாக உயர்ந்து இடது பக்கம் காட்டப் போனது. இடது பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மனைவி மின்தூக்கியில் ஏறியதுதான் தெரியும், எந்த மாடி என்றுகூட நான் கேட்கவில்லை. கை பாதி வழியில் நின்றது.

“தாக் தாவு,” என்றேன். தெரியாது.

சொல்லி முடித்தபோது ஏதோ ஒன்று உடைந்த மாதிரி இருந்தது. அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றி சொல்லிவிட்டு, காவலரிடம் கேட்டு, மின்தூக்கியில் ஏறிப் போய்விட்டார். ஒரு மனிதர் தெரியாது என்று சொல்வதை உலகம் இவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

இரண்டரை மணி நேரம் கழித்து மனைவி இறங்கி வந்தாள். தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும், அதுவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முகத்தைப் பார்த்தேன். இருபத்து நான்கு வருடப் பயிற்சி இருந்தும் ஒன்றும் படிக்க முடியவில்லை. நல்லபடி முடிந்த முகமும் மோசமாக முடிந்த முகமும் அவளுக்கு முழுக்க வேறுவேறானவையல்ல. ஒன்று மற்றதிலிருந்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். கேட்கலாமென்றால், கேட்டதுமே முகம் மாறிவிடும். ‘எப்படிப் போச்சு’ என்று ஒரு தடவை கேட்டுவிட்ட மனைவியிடம் அதையே இரண்டாவது தடவை கேட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இன்னும் ஒன்பது மனைவிகளை ஒரே மாதிரி தயாரித்து அனுப்ப ஒரு மெஷின் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்து, பிறகு அந்த ஒன்பது பேரும் என் பத்தியைப் படிப்பார்களே என்று உடனே கைவிட்டேன்.

“பசிக்குது,” என்றாள்.

இது எந்தப் பக்கமும் சேராத பதில். மகள் பிறந்த அன்றும் முதலில் இதைத்தான் சொன்னாள். எங்கள் காரை லாரி இடித்த அன்றும் இதைத்தான் சொன்னாள். கைப்பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டைத் தின்றபிறகு அவளாகவே சொன்னாள்.

“அவரு கேட்டாரு.”

“படிச்சிட்டாரா?”

“கத்தரிச்சுக் கொண்டாந்திருந்தாரு. பைலுக்குள்ள வச்சு.”

என் எழுத்தை ஒருவர் கத்தரித்துப் பாதுகாத்தது அதுதான் முதல் தடவை.

“முதல் கேள்வியே அதான். மத்த ரெண்டு பேருக்கும் ஆங்கிலத்துல வாசிச்சுக் காட்டினாரு. ‘உங்க கணவர் நீங்க போட்டோஸ்டேட் எடுக்கிறதா எழுதியிருக்காரு. முடியும்னா இந்த ஆய்வு எதுக்கு? முடியாதுன்னா இத்தனை காப்பி ஏது?’ அப்படியே கேட்டாரு. நீங்க நேத்துக் கேட்ட மாதிரியே.”

“நீ என்ன சொன்ன?”

“நாலு வாக்கியம் சொன்னேன். அப்பறம் தம்பியோட போத்தலையும் சொன்னேன். அது எங்க பொருந்தாதுன்னும் சொன்னேன். மூனு பேரும் எழுதிக்கிட்டாங்க.” இன்னொரு பிஸ்கட்டை எடுத்தாள். “கடைசியில வெளியூர்த் தேர்வாளர் ஒன்னு கேட்டாரு. நேர், சாய்வுன்னு ரெண்டு இல்லாம மூனு நிலை இருந்தா, தூசும் இருந்தா, என் முறை நிக்குமான்னு. யோசிச்சுப் பார்த்தேன். தெரியலைங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா!”

“வேற என்னா சொல்றது? தலையை ஆட்டிக்கிட்டாரு. அவரு கோலாலம்பூர்லேர்ந்து காலையிலதான் வந்தாராம். அறை தெரியாம கீழ யாரோ ஒருத்தரைக் கேட்டாராம். அந்த மனுஷன் சும்மா எதையாச்சும் கை காட்டாம தெரியாதுன்னு ஒழுங்கா சொன்னதால நேரத்துக்கு வந்து சேர்ந்தேன்னு சிரிச்சாரு.”

நான் பிஸ்கட் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைக் கவனமாகப் படித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே கூப்பிட்டார்கள். நானும் கூடவே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு கைதட்டல். மூன்று ஜோடிக் கைகள்தான், ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன். கால்கள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே நின்றுகொண்டிருந்ததாக அப்போதுதான் தெரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்தவள் என்னைப் பார்த்து, “சின்னத் திருத்தம் மட்டும்தான். ஒரு மாசம் கொடுத்திருக்காங்க. ரெண்டு நாள் வேலைங்க” என்றாள். இந்த முகத்தை ஒரே பார்வையில் படிக்க முடிந்தது. அழுதுகொண்டிருந்தாள், அதனால்தான் நிச்சயமாகத் தெரிந்தது. மோசமான செய்திக்கு அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அவளுக்குப் பின்னால் பேராசிரியர் வந்தார். ஒல்லியான மனிதர், கோட்டுப் பையில் இரண்டு பேனா. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கள்தானோ அந்தப் பத்தி எழுதுறது?”

ஆமென்றேன். வேறு வழியில்லை.

“உங்கட பேப்பரை ஞாயிற்றுக்கிழமை எத்தனையோ பிரதி அச்சடிக்கிறாங்கள். முதல் பிரதியைப் பார்த்தோ ரெண்டாவதை எழுதுறாங்கள்? எல்லாம் ஒரே அச்சில வாறது. பிரதி எண்டு எழுதியிருந்தால் ஒரு பிழையும் இல்லை. நகலுக்கும் பிரதிக்கும் வித்தியாசம் தெரியாமல் என்னெண்டு இத்தனை வருஷம் பத்தி எழுதினீர்கள்?”

“தெரியாதுங்க,” என்றேன். அன்றைக்கு இரண்டாவது தடவை. பழகிவிடும் போலிருந்தது.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். “ஆனால் போன மாதம் தலைக்கவசத்தைப் பற்றி எழுதினது நல்லாயிருந்தது,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்தச் சின்னத் திருத்தங்களில் ஒன்று, ஏழாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு சேர்க்க வேண்டும் என்பது. ‘இந்த ஆய்வேட்டில் காப்பி என்பது ஒரே முறையில் தனித்தனியே தயாரிக்கப்பட்ட துகள்களையே குறிக்கும், ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்ததாகப் பொருள்கொள்ள வேண்டாம்.’ அவள் ஆங்கிலத்தில் எழுதியதை நான் இங்கே தமிழில் தருகிறேன். இந்தத் தடவை அவளைக் கேட்டுவிட்டுத்தான். ஏழு வருட உழைப்பில் என் பங்களிப்பு அந்த இரண்டு வரி. என் பெயர் அதில் இல்லை. கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்று மதியம் வழியில் ஒரு கடையில் சோறு சாப்பிட்டோம். மீனில் நடுத்துண்டை அவளே எடுத்து என் இலையில் வைத்தாள். மச்சானுக்குப் போன் போட்டபோது அந்தப் பக்கம் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலாக, “போத்தலைச் சொன்னியா அக்கா? மெய்யாலுமே சொன்னியா?” என்று மூன்று தடவை கத்தியது கடைக்காரருக்கும் கேட்டது.

சனிக்கிழமை ஆசிரியர் போன் செய்தார். திருத்தத்தைப் பக்கத்தில் எங்கே போடுவது என்று கேட்டார்.

“நல்லாத் தெரியற இடத்துல போடுங்க. நகல்னு வந்ததைப் பிரதின்னு படிச்சுக்கணும். அவ்வளவுதான்.”

“இவ்வளவு சிரமப்படுறீங்களேண்ணே. உங்க பத்தியை மெய்யாலுமே எத்தனை பேரு படிக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க?”

யோசித்தேன். வழக்கமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஓர் எண் தயாராக இருக்கும்.

“தெரியாது,” என்றேன். “ஒருத்தர் மட்டும் நிச்சயம்.”